எண்சாண் உடம்பும் எட்டுத் தலை மனிதனும்

படம் போடப் பழகுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் புகார் ஒன்றுதான்: முகம் வந்துவிடுகிறது, கை வரமாட்டேன் என்கிறது. கண், மூக்கு, வாயெல்லாம் ஒருமாதிரி பழக்கத்துக்குள் அடங்கிவிடும். கையிடம் அந்தப் பாச்சா பலிக்காது. ஐந்து விரலும் ஐந்து திசைக்குப் போகும். கொஞ்சம் அசந்தால் வாழைச்சீப்பு மாதிரி தொங்கும், இல்லையென்றால் விளக்குமாறு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் கையை மறைப்பதற்கென்றே ஒரு தனிக்கலை வளர்ந்திருக்கிறது. சட்டைப்பைக்குள் விட்டுவிடுவது, முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுவது, முந்தானைக்குள் ஒளித்துவிடுவது, மணிக்கட்டோடு கோட்டை அப்படியே காற்றில் கரையவிட்டு அதற்கு ‘நவீனம்’ என்று பெயர் வைத்துவிடுவது. நம் சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். கவிதைக்கும் கதைக்கும் நடுவே வரும் கோட்டோவியங்களில் எத்தனை உருவங்களுக்குக் கை இருக்கிறது? உழைப்பைப் பற்றியும் சுரண்டலைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவர்கள் நாம். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் நிற்கும் மனிதர்களுக்குக் கை இல்லாமல் போனதை அச்சுக்கோப்பு வசதி சம்பந்தப்பட்ட விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பயிற்சி போதாது என்று ஒற்றை வரியில் காரணம் சொல்லி முடித்துவிடலாம்தான். அது பொய்யுமல்ல. ஆனால் பயிற்சி என்று எதைச் சொல்கிறோம், அது எந்த உடலை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு தொடங்குகிறது என்கிற கேள்வி அப்படியே மிச்சமிருக்கிறது.

உருவம் வரையக் கற்பவர்களிடையே ஒரு காலத்தில் ஜெராக்ஸாகவும் இப்போது செல்போனில் கோப்பாகவும் சுற்றிவரும் புத்தகம் ஒன்று உண்டு. அமெரிக்க விளம்பர ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ் 1943-இல் வெளியிட்டது. கற்றுக்கொடுப்பதில் மனிதர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. அதில் ஓர் ஆண் உடல் நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் ஏணிப்படி மாதிரி கோடுகள். தலைதான் அலகு. தலையின் உயரத்தை எட்டு முறை அடுக்கினால் ‘இலட்சிய’ மனிதன். ஏழரை என்றால் சாதாரணன். எட்டரை என்றால் ஃபேஷன் படத்துக்கு ஆகும். ஒன்பது என்றால் வீரன். நிஜத்தில் மனிதர்கள் ஏழரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், ஆனால் படத்தில் அது குட்டையாகத் தெரியும், ஆகவே எட்டு என்று புத்தகம் ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறது. எல்லாம் இந்த ‘ஆகவே’க்குள் இருக்கிறது. யார் கண்ணுக்குக் குட்டையாகத் தெரிகிறது? சட்டை விற்கிறவன் கண்ணுக்கு, கார் விற்கிறவன் கண்ணுக்கு. இருக்கிற உடலுக்கும் விற்கிற உடலுக்கும் நடுவே அரைத் தலை வித்தியாசம். அந்த அரைத் தலைதான் கற்பவனின் மனதில் ‘சரியான உடல்’ என்று உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அவன் தன் அம்மாவைப் பார்த்து வரைந்தாலும் அந்த அரைத் தலையைச் சேர்த்தே வரைகிறான்.

அதே 1943. வங்காளத்தில் பஞ்சம். செத்தவர்கள் இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சம் என்கிறார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் ஓவியராக சித்தபிரசாத் மிட்னாபூர் மாவட்டத்துக்குள் நடந்துபோய்ப் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தார். குறிப்புகளோடு அது ‘ஹங்ரி பெங்கால்’ என்ற சிறு புத்தகமாக வந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் ஏறத்தாழ எல்லாப் பிரதிகளையும் பறித்து அழித்தது. ஜைனுல் ஆபிதீன் கல்கத்தாத் தெருக்களில் விழுந்து கிடந்தவர்களை மட்டரகத் தாளில் கறுப்பு மையால் வரைந்தார். லூமிஸின் ஏணியைக் கொண்டுபோய் இந்தப் படங்களின் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பட்டினி எலும்பைச் சுருக்குவதில்லை; தசையையும் கொழுப்பையும்தான் தின்கிறது. ஆகவே நெட்டுவாக்கில் அளந்தால் வளர்ந்த மனிதரின் தலைக்கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே வரும். ஆனால் அந்த உடல்கள் நெட்டுவாக்கில் நிற்பதே இல்லை. குந்தியிருக்கின்றன, சுவரோடு சரிந்திருக்கின்றன, குழந்தையோடு சேர்ந்து ஒரு குவியலாகக் கிடக்கின்றன. முன்கை மெலிந்துபோனதால் மணிக்கட்டும் உள்ளங்கையும் பூதாகரமாகத் தெரிகின்றன. தொடை மெலிந்ததால் முழங்கால் ஒரு முடிச்சாகிறது. ‘பிரமாணம்’ தெரிந்த ஒருவன் இதைப் பார்த்தால் கை பெரிதாகிவிட்டது, திருத்து என்பான். ஆபிதீனின் படத்தில் அந்தக் கையைத் திருத்திச் சின்னதாக்கினால் பஞ்சம் காணாமல் போய்விடும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு, பார்த்தீர்களா, இது மேற்கின் அளவுகோல், நமக்கென்று வேறு மரபு உண்டு என்று சொல்பவர்கள் கிளம்பிவிடுவார்கள். இருக்கிறதுதான். அதையும் பார்த்துவிடுவோம்.

நம் சிற்ப மரபில் அலகு தாளம். முடி தொடங்குமிடத்திலிருந்து மோவாய் வரை முகத்தின் நீளம் ஒரு தாளம். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை கையின் நீளமும் அதே தாளம். ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். (இது இஞ்ச் இல்லை, விரலளவு.) மும்மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120. அடுத்த படியில் உள்ள தெய்வங்களுக்கு அதம தசதாளம், 116. நவதாளம் என்றால் 108. மனிதனுக்குப் பொதுவாக எட்டுத் தாளம். பூதகணங்களுக்கும் குள்ள உருவங்களுக்கும் இன்னும் கீழே. தாளத்தைத் தலை என்று நினைத்துக்கொண்டு இங்கேயும் லூமிஸ் மாதிரியே எட்டு, ஒன்பது என்று எண்ணுகிறார்களே என வியக்கிறவர்கள் உண்டு. தாளம் முகம்தான், மண்டை அதில் சேராது. மண்டையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நவதாளம் என்பது ஏறத்தாழ ஏழு தலை. ஆக, நடமாடும் மனிதனின் அளவுக்குப் பக்கத்தில் வருவது ஒன்பது தாள தேவ உருவம். மனிதன் என்று சொல்லப்பட்டவனுக்குக் கொடுத்த அளவோ நிஜ மனிதனைவிடக் குட்டை. உயரத்தைத் தெய்வத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் மனிதன் நிற்கிறான்.

விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரம் ஆண்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: ஹம்சம், பத்ரம், மாளவ்யம், ருசகம், சசகம். உயரம் 108, 106, 104, 100, 90 அங்குலம். அரசர்களைத் தேவர்களைப் போலவே வரைய வேண்டும் என்கிறது அது. ஓவியத்தின் ஆறு அங்கங்கள் என்று காமசூத்திர உரைகாரர் யசோதரர் சொல்லும் பட்டியலில் இரண்டாவது அங்கம் ‘பிரமாணம்’. இந்தச் சொல்லைக் கொஞ்சம் கிள்ளிப் பார்க்கலாம். அளவு என்றும் அர்த்தம், ஆதாரம் என்றும் அர்த்தம், சத்தியம் செய்வதும் பிரமாணம்தான். அளப்பதும் ஆணையிடுவதும் ஒரே சொல்லுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. ‘இலட்சணம்’ என்பதும் அப்படித்தான். இலக்கணத்துக்கு உட்பட்டது எதுவோ அதுவே அழகு, உட்படாதது அவலட்சணம். ஒருவரைப் பார்த்து அவலட்சணம் என்று சொல்லும்போது, அவர் ஏதோ ஒரு விதியை மீறிவிட்டார் என்கிற குற்றச்சாட்டையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்கிற பழமொழியும் ஏதோ உடற்கூறு சொல்வது போலத்தான் பேசும். முகத்திலிருந்து, தோளிலிருந்து, தொடையிலிருந்து, காலிலிருந்து யார் யார் பிறந்தார்கள் என்று ஒரு பழைய சொல்லாடல் வகுத்து வைத்ததற்குப் பிறகு, இந்த நாட்டில் சிரசு பிரதானம் என்பதை அப்பாவித்தனமாகக் காதில் வாங்க முடியவில்லை.

சிற்பநூல்களில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அங்குலம் எங்கிருந்து வருகிறது? மாத்ராங்குலம் என்கிற முறையில் ஓர் ஆளின் நடுவிரலின் நடுக்கணுவை அளந்து அதை அலகாக வைப்பார்கள். யாருடைய விரல்? சிற்பியினுடையதாக இருக்கலாம், அல்லது கோயில் கட்டக் காசு கொடுத்தவருடையதாக இருக்கலாம். கல் உடைத்தவர் விரல் கணக்கில் வரவில்லை. நம் தெருவில் இதற்கு நேர்மாறான ஓர் அளவை முறை இன்னும் சாகாமல் இருக்கிறது. பூக்காரம்மா முழம் போடும்போது அளவுகோல் அவருடைய சொந்த முன்கைதான். ‘என்னம்மா, உன் கை குட்டையா இருக்கே’ என்று வாங்குகிறவர் சண்டை போடுவார், ‘என் கை இதுதான்’ என்று அவர் பதில் சொல்வார், கடைசியில் ஒரு நாலு விரற்கடை கூட்டிக் கொடுப்பார். சாண், முழம், விரற்கடை, கைப்பிடி என்று ஆளுக்கு ஆள் மாறும் அளவு. பேசித் தீர்த்துக்கொள்ளும் அளவு. பிரமாணத்தோடு யாரும் இப்படிச் சண்டை போட முடியாது.

சரி, காலனியம் வந்தபோது என்ன ஆயிற்று? 1850-இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து ஓவியப் பள்ளி எதிலும் உடலை அணுகிய விதத்தில் மருத்துவமனை வாடை கொஞ்சம் அடிக்கத்தான் செய்தது. கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரைதல், அப்புறம் எலும்பு, அப்புறம் தசை, கடைசியாக உயிருள்ள ஆள். வெளிமாநில மனிதரைக்கூட நேராகப் பார்க்குமுன் ஏதென்ஸ்காரனின் முழங்காலைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். இதை எதிர்த்த ஹேவல் சென்னையில் இருந்துவிட்டு 1896-இல் கல்கத்தா போனார். அங்கே ஐரோப்பிய மாதிரிகளை அகற்றிவிட்டு இந்திய மரபைப் பாடமாக்கப் பார்த்தார். மாணவர்கள் கொதித்துப்போய் ஒரு பகுதியினர் வெளியேறி 1897-இல் ஜூபிலி ஆர்ட் அகாடமி என்று தனிப்பள்ளியே கண்டார்கள். அடிமைப் புத்தி என்று தேசியவாதிகள் இவர்களை ஏசியதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, நீ இப்படித்தான் வரைய வேண்டும், ஏனென்றால் நீ இந்தியன் என்று சொன்னால் கோபம் வராதா?

ஹேவலின் வழியில் அவனீந்திரநாத் தாகூர் 1914-இல் இந்திய ஓவிய உடற்கூறு பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். கண் மீன், தோள் யானைத் துதிக்கை, முன்கை இளவாழைத் தண்டு, தொடை வாழைமரம், விரல் அவரைக்காய். அளவு ஒரு விலங்காக இருக்கக்கூடாது என்று அவரே ஆரம்பத்தில் எச்சரிக்கிறார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த அவரைக்காய் விரல் எதையும் பிடித்ததில்லை. மரபுச் சிற்பத்தின் கை பெரும்பாலும் முத்திரை காட்டும் கை. அபயம் தரும், வரம் தரும், தாமரை பிடிக்கும். காய்ப்பு ஏறியிருக்காது, நகக்கண்ணில் மண் இருக்காது. பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் சிவகாசி காலண்டர் வழியாக வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்ததும் இந்தக் கையைத்தான். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ரோஜா நிற உள்ளங்கையில் பொற்காசு கொட்டும் அந்த இலட்சுமியின் கையை அச்சடித்து, கட்டி, ஒட்டிய சிவகாசிக் கைகள் எப்படி இருந்திருக்கும் என்பது காலண்டரில் வராது.

இதற்காக மரபு முழுக்க ஒரே குரல் என்று சொல்லிவிட முடியாது. பல்லவ, சோழக் கோயில்களில் கூரையின் விளிம்புக்குக் கீழே பூதவரி என்று ஒன்று ஓடும். நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். குட்டை, தொப்பை, பெரிய தலை. ஒன்று மத்தளம் அடிக்கும், ஒன்று பல்லைக் காட்டும், ஒன்று பக்கத்துப் பூதத்தின் காதைப் பிடித்துத் திருகும். கீழே மாடத்துக்குள் பத்துத் தாளக் கடவுள் அளவு பிசகாமல் நிற்க, மேலே இவர்கள் கூத்தடிக்கிறார்கள். சிற்பியின் கை எங்கே மூச்சுவிட்டது என்று என்னைக் கேட்டால் பூதவரியைக் காட்டுவேன். கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். வற்றிய முலை, விலா எலும்பு, நரம்பு தெரியும் கழுத்து. அழகை வேண்டாமென்று கழற்றிப் போட்டுப் பேயுருக் கேட்டு வாங்கிய பெண். இலட்சணச் சட்டகத்துக்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு இலட்சணத்தை நிராகரிக்கும் உடல் இதைப்போல வேறொன்று நம்மிடம் இல்லை. அம்மையாரைத் தனி வெண்கலங்களாக வார்த்தபோது அவர் கையில் கொடுத்தது தாளம். பத்துத் தாளம் என்று எண்ணும் தாளமில்லை, தட்டுகிற தாளம். அந்தக் கைகளுக்கு வேலை இருக்கிறது. எலும்பும் தோலுமாக இருந்தாலும் மணிக்கட்டில் ஒரு பிடிப்பு இருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்குள்ளேயே வருவோம். முற்போக்கு முகாமில் உழைக்கும் உடலை எப்படி வரைந்தோம்? தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைக்கு வந்த முதல் இந்தியர். அவருடைய ‘உழைப்பாளர் வெற்றி’ 1959-இல் மெரினாவில் வைக்கப்பட்டது. சிங்காரவேலர் 1923-இல் மே தினம் கொண்டாடிய அதே கடற்கரை. நாலு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். மாதிரிக்கு நின்றவர்களில் பள்ளியின் காவலாளி ஒருவரும் இருந்தார் என்று சொல்வார்கள். சிலை நல்ல சிலை. முதுகு வளைந்திருக்கிறது, கால் மண்ணில் ஊன்றியிருக்கிறது, பாறையின் கனம் தோள் வரைக்கும் ஏறுவதைப் பார்க்க முடிகிறது. ஆனால் அந்தத் தசைகள் எந்தக் கூலியைத் தின்று வளர்ந்தவை? கல் சுமந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒல்லியாக, நரம்போடிய காலோடு, நாற்பதிலேயே கிழடு தட்டிப்போனவர்கள். அப்புறம், கல் சுமப்பதில் பெண்கள் இல்லையா? எந்தக் கட்டட வேலையிலும் தலையில் சும்மாடு வைத்துச் செங்கல் ஏற்றுவது யார்?

சிலையை விட்டுவிடுவோம், நம் சுவரொட்டிகளுக்கு என்ன நியாயம்? உயர்ந்த முஷ்டி. எப்போதும் ஆண் கை, எப்போதும் முறுக்கேறிய மணிக்கட்டு. முஷ்டி வரைவது எளிது என்பதும் ஒரு காரணம்: விரல்கள் மடிந்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. வரையத் தெரியாததை நாம் வீரமாக மாற்றிக்கொண்டோமோ என்று சில சமயம் சந்தேகம் வருகிறது. 1937 பாரிஸ் கண்காட்சியில் நாஜி ஜெர்மனியின் அரங்கும் சோவியத் அரங்கும் எதிரெதிரே நின்றன. இந்தப் பக்கம் முகினாவின் தொழிலாளியும் கூட்டுப்பண்ணைப் பெண்ணும், அந்தப் பக்கம் தோராக்கின் பிரும்மாண்ட நிர்வாணங்கள். இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். சுத்தியலும் அரிவாளும் பிடித்த கைகளுக்கு ஒரு வேலை இருந்தது. ஆனால் நோய் இல்லாத, மூப்பு இல்லாத, ஊனம் இல்லாத உடல்தான் எதிர்காலத்துக்கு உரியது என்பதில் இரண்டு அரங்கும் தகராறு பண்ணிக்கொள்ளவில்லை. அதே வருஷம் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று ஒரு கண்காட்சி நடத்தி லேம்புருக்கின் நீண்டு மெலிந்த மண்டியிட்ட பெண்ணை எள்ளி நகையாடினார்கள். அதற்கு ஒன்பது வருஷம் முந்தி, 1928-இல் ஷூல்ட்ஸே-நௌம்பர்க் என்கிற கட்டடக்கலைஞர் ஒரு புத்தகம் போட்டிருந்தார். நவீன ஓவியங்களின் முகங்களுக்குப் பக்கத்திலேயே நோயாளிகள், உடற்குறையுள்ளவர்கள் ஆகியோரின் புகைப்படங்களை வைத்துக் காட்டியிருந்தார். அளவு பிசகிய படமும் அளவு பிசகிய மனிதரும் ஒன்று என்பது வாதம். 1939-இல் தொடங்கி இரண்டே வருஷத்தில், அப்படிப்பட்ட மனிதர்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் மருத்துவமனைகளிலிருந்து கொண்டுபோகப்பட்டு விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். ‘புரொபோர்ஷன் சரியில்லை’ என்று ஒரு மாணவனின் தாளில் சிவப்பு மையால் எழுதுகிறவருக்கு இதில் பங்கில்லை, வாஸ்தவம். ஆனாலும் அந்தச் சொற்றொடருக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் எதையும் கற்க வேண்டாம், கோணல்மாணலாக வரைவதே கலகம் என்ற முடிவுக்கு வர நம் ஆட்களுக்கு ரொம்ப நேரம் ஆகாது. இது எனக்கு ஒப்பவில்லை. 1960-களிலிருந்து சென்னை ஓவியத்தில் கோடு பெற்ற விடுதலை மெய்யானது. பணிக்கரின் பிற்கால ஓவியங்களில் உடலின் இடத்தை எழுத்தும் குறிகளும் பிடித்துக்கொண்டதற்கு உள்ளார்ந்த காரணம் இருந்தது. அவர் உடலை வரைந்து முடித்துவிட்டு அங்கே போனவர். பின்னால் வந்த பலர் புறப்படாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ‘டிஸ்டார்ஷன்’ என்கிறார்கள். திரிப்பதற்கு முதலில் ஒரு நேர் இருக்க வேண்டுமே.

வான்கா 1880-இல், இருபத்தேழு வயதில்தான் ஓவியன் ஆவது என்று முடிவு செய்தார். ஷார்ல் பார்க் என்பவரின் பயிற்சித் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக, ஒரு முறைக்கு மேல், பள்ளிப் பிள்ளை மாதிரி நகல் எடுத்தார். 1884-85 குளிர்காலம் பூராவும் நூனன் கிராமத்து விவசாயிகளின் தலைகளையும் கைகளையும் தனித்தனியே வரைந்து தள்ளினார். அதற்குப் பிறகுதான் ‘உருளைக்கிழங்கு தின்பவர்கள்’. நண்பர் ராப்பார்டுக்கு அதன் கல்லச்சுப் பிரதியை அனுப்பினார். அவர் கிழிகிழியென்று கிழித்துவிட்டார்: ஒருவனுக்குக் கை ஒரு கஜம் குட்டை, முழங்கால் இல்லை, வயிறு இல்லை. அந்தச் சிநேகமே அதோடு முறிந்தது. ராப்பார்டின் கண்ணில் பட்ட பிழைகள் அங்கே இருக்கத்தான் செய்கின்றன. வான்காவின் பதில்களில் பிழையே இல்லை என்கிற சாதிப்பு கிடையாது. எந்தக் கை மண்ணைத் தோண்டியதோ அதே கை தட்டுக்கு நீள்வதை வரைவதுதான் தனக்கு முக்கியம். அளவு சரியாக அமைந்துவிட்ட உருவங்கள் மண்வெட்டி பிடிக்காத உருவங்களாகிவிடுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். பார்க்கின் தாள்களை அவர் கிழித்துப் போட்டுவிடவுமில்லை. 1890-இல் சாவதற்குச் சில வாரங்கள் முன்புகூட மறுபடி அவற்றை நகல் எடுக்க வேண்டுமென்று நினைத்தார். அவர் வைத்திருந்த அளவுகோலில் ஒரு முனையில் பார்க் இருந்தார், மறு முனையில் அந்தக் குடிசையின் எண்ணெய் விளக்கு.

கற்பது எதை? கையையே எடுத்துக்கொள்வோம். இருபத்தேழு எலும்பு. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் பொம்மலாட்டக் கயிறு போல விரலுக்கு ஓடுகின்றன. ஆகவே விரலை வரைய முழங்கைக்குக் கீழே பார்க்கத் தொடங்க வேண்டும். விரல் கணுக்கள் நேர்கோட்டில் நிற்பதில்லை, வளைவாக நிற்கின்றன. கட்டை விரல் மற்ற நான்கோடு சேராமல் தனி ஆப்பு மாதிரி பக்கத்திலிருந்து கிளம்புகிறது. அதைத் தட்டையாக ஒட்ட வைப்பதால்தான் வாழைச்சீப்பு வருகிறது. விரலைவிட விரல்களுக்கு நடுவிலுள்ள சந்தின் வடிவத்தைப் பார்த்து வரைந்தால் கை சட்டென்று அமையும். இதெல்லாம் அறிவு. இதில் அதிகாரம் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. இதைக் கற்காமல் இருப்பதில் புரட்சியும் இல்லை. ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’ லோயர், ஹையர் என்று தேர்வெழுதிப் பாஸ் பண்ணி டிராயிங் மாஸ்டர் ஆனவர்கள் அரசுப் பள்ளிகளில் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்தது இவ்வளவும்தான், அதுவும் வாரத்துக்கு ஒரு பீரியடில்.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. எல்லாப் பயிற்சிப் புத்தகமும் சொல்லும் யோசனை: காசில்லாமல் கிடைக்கும் மாதிரி உன் சொந்தக் கை, அதைப் பார்த்து வரை. நல்ல யோசனைதான். ஆனால் வலது கையால் வரைகிறவன் பார்ப்பது தன் இடது கையை. வரையும் கை வரையப்படுவதேயில்லை; எஷர் 1948-இல் இரண்டு கைகள் ஒன்றையொன்று வரைவதாகச் செய்த அந்தக் கல்லச்சு ஏன் இத்தனை பேரை மயக்குகிறது என்றால் நடக்க முடியாத ஒன்று அதில் நடக்கிறது. நாம் பயிலும் கை வேலை செய்யாத கை. மேஜைமேல் ஓய்வாகக் கிடக்கும், ஒரு மாணவனின், பெரும்பாலும் பேனாவைத் தவிர வேறெதையும் இறுக்கிப் பிடித்திராத கை. அந்தக் கையைத்தான் பிறகு நெசவாளிக்கும் வைக்கிறோம், தோல் பதனிடுகிறவருக்கும் வைக்கிறோம். முகத்தில் துயரத்தைக் கொட்டி, கன்னத்தைக் குழிய வைத்து, கடைசியில் மணிக்கட்டுக்குக் கீழே கல்லூரி மாணவனின் கை. பீடி சுற்றுகிறவரின் விரல் நுனி எப்படித் தேய்ந்திருக்கும், வெற்றுக் காலோடு உப்பளத்தில் நிற்கிறவரின் பாதம் எப்படி வெடித்திருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒழிய வராது. பக்கத்தில் உட்கார விடுவார்களா, நாம் உட்காருவோமா என்பதெல்லாம் ஓவியப் பள்ளியில் தீர்கிற பிரச்சினை இல்லை.

இப்போது இயந்திரமும் படம் போடுகிறது. 2022, 23 வாக்கில் அது போட்ட கைகளில் ஆறு விரல், ஏழு விரல் முளைத்து ஊரே சிரித்தது. கோடிக்கணக்கான படங்களைத் தின்று பழகிய இயந்திரத்துக்கும் முகம் வந்தது, கை வரவில்லை. காரணம் நமக்குப் பழக்கமானதுதான்: அது தின்ற படங்களில் முகம் பெரிதாகவும் நேராகவும் இருந்தது, கை சின்னதாக, மறைந்து, ஆயிரம் கோணத்தில் இருந்தது. இப்போது பெரும்பாலும் ஐந்து விரலாகத் திருத்திவிட்டார்கள். திருத்தம் எல்லோருக்கும் சந்தோஷம். பவர் பிரஸ்ஸில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவரின் கையை அந்த இயந்திரத்திடம் கேட்டால், அதையும் ஐந்தாக்கிவிடத்தான் முதலில் பார்க்கும். லூமிஸின் அரைத் தலையை இனி யாரும் கையால் கூட்ட வேண்டியதில்லை.

நிமிர்ந்து நிற்பதைப் பற்றி இன்னும் ஒன்று. எட்டுத் தலையும் பத்துத் தாளமும் நிமிர்ந்து நிற்கும் உடலுக்குத்தான் பேசுகின்றன. யார் யார் முன்னால் நிமிர்ந்து நிற்கலாம்? தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கி, கைகட்டி, வாய் பொத்தி, முதுகைக் கூனி நின்ற தலைமுறைகளின் உடல் எத்தனை தலை? நாற்று நடுகிற பெண்ணைப் பக்கத்திலிருந்து பாருங்கள். இடுப்பில் இரண்டாக மடிந்து, முகம் முழங்காலுக்கு நேராக வந்து, கை சேற்றுக்குள் போயிருக்கும். அளவு அட்டவணை அங்கே செத்துப்போகிறது. எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் குறுகிப்போகிறது என்று கண்ணால் மட்டுமே பிடிக்க வேண்டும். குனிந்த உடலை வரைவது கடினம் என்று பயிற்சிப் புத்தகங்கள் அதைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளுகின்றன. நம் ஊரில் பெரும்பாலான வேலை குனிந்தே நடக்கிறது.

கேத்தே கோல்விட்ஸின் ‘விவசாயிகள் போர்’ வரிசையில் (1908-இல் முடிந்தது) முதல் தகட்டில் ஏரில் மாட்டுக்குப் பதில் மனிதர்கள் பூட்டப்பட்டிருக்கிறார்கள். உடல் கிட்டத்தட்ட நிலத்துக்கு இணையாகச் சாய்ந்துவிட்டது. கலகம் வெடிக்கும் தகட்டில் ஒரு வயசான பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். முகம் தெரியாது. உயர்ந்த இரண்டு கைகள் மட்டும். அவை முஷ்டி இல்லை, மணிக்கட்டில் மடங்கிய, கணுக்கள் புடைத்த கைகள். அவள்தான் கூட்டத்தை ஓடவிடுகிறாள். போருக்குப் பிறகான தகட்டில் இரவு, களம் பூராவும் பிணம். ஒரு தாய் குனிந்து தேடுகிறாள். அவளும் இருட்டோடு இருட்டாக இருக்கிறாள். கையிலுள்ள விளக்கின் வெளிச்சம் விழுவது இரண்டே இடத்தில்: இறந்துபோன பையனின் முகத்தில், அந்த மோவாயைத் தொடும் அவள் கையில். முகத்தோடு வைத்துப் பார்த்தால் அந்தக் கை பெரிது.